அவியாத பருப்பும் எழுபத்தேழாம் இலக்கமும்

நடுவர் அவர்களே, எதிரணியின் மூன்று பேச்சாளர்களே, என் அணித் தோழர்களே, வெளியே கொட்டும் பனியைப் பொருட்படுத்தாமல் ஸ்காபரோவின் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் அவையோரே, வணக்கம். எனக்குத் தரப்பட்டிருப்பது பதினைந்து நிமிடம். ஆகவே வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

"ஐஸ் ஹொக்கி வீரர் ஒருவரின் மதிப்பைக் காட்டுவது அவர் வென்ற கிண்ணமும் மாறாமல் நின்ற அணியுமா, அல்லது அவர் ஆடிய ஆட்டமா?" என்பது தலைப்பு. கிண்ணமே மதிப்பு, அணி மாறுபவன் தரம் குறைந்தவன் என்று எதிரணியினர் ஒரு மணி நேரம் முழங்கினார்கள். அவர்களுடைய துணிவை நான் மெச்சுகிறேன். ஏனென்றால் ரொறன்ரோ நகரத்தில், லீஃப்ஸ் சட்டை அணிந்த இத்தனை பேர் முன்னிலையில் நின்றுகொண்டு, கிண்ணம் வெல்லாதவருக்கு மதிப்பில்லை என்று சொல்வது, மாப்பிள்ளை வீட்டுப் பந்தலிலேயே நின்று மாப்பிள்ளைக்கு வேலையில்லை என்று அறிவிப்பதற்கு ஒப்பாகும். நம் ஊர் லீஃப்ஸ் அணி, என்.எச்.எல் லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1967ஆம் ஆண்டில். அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் இன்று பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு இந்த அணிக்காக ஆடிய எல்லோரையும் மதிப்பற்றவர்கள் என்று எதிரணித் தலைவர் கருதுவாரானால், அதை இம்மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தில், இரவு பத்து மணிக்கு, தனியாக நின்று ஒருமுறை சொல்லிப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் கிண்ணக் கணக்கை விரைவாகப் பார்த்துவிடுவோம். மொன்றியலின் ஆன்றி ரிஷார் பதினொரு கிண்ணம் வென்றவர். அந்த எண்ணிக்கையை எந்த வீரரும் எட்டியதில்லை. அவர் பெருவீரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பதினொன்றில் ஏழு, லீக்கில் ஆறே ஆறு அணிகள் இருந்த காலத்தில் கிடைத்தவை. இன்று அணிகள் முப்பத்திரண்டு. ஆறு பேர் அமர்ந்த பந்தியில் கிடைத்த வடையையும் முப்பத்திரண்டு பேர் அமர்ந்த பந்தியில் கிடைக்காத வடையையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தால், தராசுதான் வெட்கப்படும். இன்னொரு பக்கம் மார்செல் டியோன் இருக்கிறார்: 731 கோல், கோலும் அடுத்தவர் கோலுக்குக் கொடுத்த துணையும் சேர்த்து 1771 புள்ளி, கிண்ணம் ஒன்றுகூட இல்லை. பாற் மரூன் என்ற உழைப்பாளி 2019இல் சென் லூயிஸ் அணியோடும், 2020, 2021இல் ரம்பா பே அணியோடும் தொடர்ந்து மூன்று கிண்ணம் தூக்கினார். 2025 ஏப்ரலில் கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைக் கடந்த ஒவெச்கினிடம் இருப்பதோ ஒரே ஒரு கிண்ணம். எதிரணியின் வாய்ப்பாட்டின்படி மரூன் ஒவெச்கினைவிட மூன்று மடங்கு பெரியவர். இதை மரூனிடம் போய்ச் சொன்னால் அவரே சிரித்துவிடுவார்.

கிண்ணத்தின் குணம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். கதை என்றால் கட்டுக்கதை இல்லை, முழுவதும் நடந்தது. மரியான் ஹொஸ்ஸா என்று ஒரு ஸ்லோவாக்கிய வீரர். 2008 பெப்ரவரியில் அட்லாண்டா அணி அவரைப் பிற்ஸ்பேர்க்குக்கு அனுப்பியது. போன இடத்தில் அவருக்கு நல்ல நேரம். பிற்ஸ்பேர்க் இறுதித் தொடருக்கே வந்துவிட்டது. எதிரே டிற்றோயிற் நின்றது. டிற்றோயிற் வென்றது, ஹொஸ்ஸா தோற்றார். கோடை வந்தது. "எங்களோடு பல ஆண்டு இரு" என்று பிற்ஸ்பேர்க் ஒப்பந்தத்தை நீட்டியது. ஹொஸ்ஸா யோசித்தார். கிண்ணம் வெல்லும் வாய்ப்பு டிற்றோயிற்றுக்கே அதிகம் என்று கணக்குப் போட்டு, ஒரே ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில், தன்னைத் தோற்கடித்த அந்த வீட்டுக்கே மாறிப் போனார்.

நடுவர் அவர்களே, அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் தெரியாதது போல முகத்தை வைத்துக்கொண்டால் எனக்கு உதவியாக இருக்கும். 2009இன் இறுதித் தொடரில் மறுபடியும் அதே இரண்டு அணிகள். அதே பிற்ஸ்பேர்க், அதே டிற்றோயிற். ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. அது டிற்றோயிற்றின் சொந்த அரங்கத்தில் நடந்தது. முடிவு இரண்டுக்கு ஒன்று. வென்றது யார்? பிற்ஸ்பேர்க்! போன வருடம் எந்த வீட்டில் இருந்து தோற்றாரோ அந்த வீட்டில் இந்த வருடம் விருந்து; எந்த வீட்டில் விருந்து நடக்கும் என்று நம்பிப் போனாரோ அங்கே அடுப்பு அணைந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் வரிசையில் நின்று கைகுலுக்குவது இந்த விளையாட்டின் மரபு. அந்த வரிசையை நினைத்துப் பாருங்கள். "எங்களோடு இரு" என்று சொன்னவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பற்றிக் குலுக்கிக்கொண்டு அந்த மனிதர் நடக்கிறார். நம்மவர் ஒருவராக இருந்தால் கால் சுளுக்கிவிட்டது என்று சொல்லிப் பின்வாசலால் போயிருப்போம்.

கதை இன்னும் முடியவில்லை. 2009 கோடையில் அவர் மூன்றாவது வீட்டுக்கு, சிக்காகோவுக்குப் போனார். அவர் போன ஆண்டே அந்த அணியும் இறுதித் தொடருக்கு வந்துவிட்டது. மூன்று ஆண்டு, மூன்று அணி, மூன்று இறுதித் தொடர். கிண்ணத்துக்குக் கண் இருந்திருந்தால், "இந்த ஆள் என்னை விடமாட்டான் போலிருக்கிறதே" என்று அலுத்துக்கொண்டிருக்கும். 2010 ஜூனில் பிலடெல்பியாவை வீழ்த்தி, நாற்பத்தொன்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் சிக்காகோ வென்றது. அணித்தலைவர் ரேவ்ஸ் கிண்ணத்தை வாங்கித் தூக்கிவிட்டு, அடுத்ததாக அதை யார் கையில் கொடுத்தார் தெரியுமா? ஹொஸ்ஸாவின் கையில்.

இனித்தான் என் கேள்வி வருகிறது. 2008இல், 2009இல், 2010இல் ஆடியது ஒரே மனிதர். அதே கால், அதே மட்டை. எதிரணி நண்பர்களின் அளவுகோலால் முதல் இரண்டு ஆண்டும் அவர் பூச்சியம், மூன்றாம் ஆண்டு திடீரென்று மாணிக்கம். ஆனால் ஆட்டக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். தோற்ற 2009ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் அடித்தது நாற்பது கோல். வென்ற 2010ஆம் ஆண்டுப் பருவத்தில், காயத்தோடு தாமதமாகக் களமிறங்கி, அடித்தது இருபத்துநான்கு. பூச்சியமாக இருந்தபோது நாற்பது, மாணிக்கமானபோது இருபத்துநான்கு! இந்தக் கணக்கை எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், அவர் கணக்காசிரியர் என்பதால், எனக்கு விளக்கிச் சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன்.

இவ்வளவோடு என் இரண்டாவது வாதத்துக்குப் போயிருக்க வேண்டும். எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எதிரணியின் மூன்றாம் பேச்சாளர், இந்த அவையின் செல்லப்பிள்ளை, பொஸ்ரனில் நெடுங்காலம் ஆடிவிட்டுக் கடைசியில் கொலராடோவில் கிண்ணம் வென்ற றே போர்க்கைப் பற்றி ஒன்று சொன்னார்; நீங்களும் கைதட்டினீர்கள்; எனக்கு அதைக் கடந்து போக முடியவில்லை. "இருபது வருடம் பொஸ்ரனில் தன் வீட்டு அடுப்பில் அவியாத பருப்பை, பக்கத்து வீட்டு அடுப்பில் அவித்துச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டவர் போர்க்" என்றார். நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின்தான் எனக்கு ஒன்று உறைத்தது: நண்பருக்கு ஹொக்கியும் தெரியவில்லை, பருப்பும் தெரியவில்லை.

பருப்பு ஏன் அவிவதில்லை என்று இங்கே இருக்கும் தாய்மாரிடம் கேளுங்கள். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். அதன் கிணறுகளில் பல கடினத் தண்ணீர்க் கிணறுகள். அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டு, பொச்சுமட்டை தீரும்வரை எரித்தாலும் அது கல்லுப்போலக் கிடக்கும். அதனால்தான் எங்கள் அம்மா, குளிக்க ஒரு கிணறு, பருப்புக்கு ஒரு கிணறு என்று, அரை மைல் நடந்து நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குக் குடத்தோடு போய் வந்தார். நல்ல தண்ணீர் கொதித்ததும் அதே பருப்பு பூப்போல மலர்ந்துவிடும். பருப்பு மாறவில்லை, அவித்த கையும் மாறவில்லை. தண்ணீர் மட்டுமே மாறியது. எங்கள் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, "சொந்தக் கிணற்றுக்குத் துரோகம் செய்கிறாள்" என்று அந்த ஊரில் எவரும் சொன்னதில்லை. நண்பரே, போர்க் பருப்பு. பொஸ்ரன் கடினத் தண்ணீர். கொலராடோ நல்ல தண்ணீர்க் கிணறு. உங்கள் உவமையை உங்களிடமே அவித்துத் தருகிறேன்.

அந்தப் பொஸ்ரன் அடுப்பைப் பற்றியும் கொஞ்சம் பேசத்தான் வேண்டும். 1979இல் அங்கே போய்ச் சேர்ந்த போர்க், சிறந்த தற்காப்பு வீரருக்கான நோரிஸ் விருதை அந்த அணியில் இருந்தபடியே ஐந்து முறை வென்றார். தன் காலம் முடியும்போது 410 கோல், 1169 துணை, மொத்தம் 1579 புள்ளி என்று வைத்துவிட்டுப் போனார். தற்காப்பு வீரர்களில் அதற்கு மேல் எவரும் எடுத்ததில்லை. 1988இலும் 1990இலும் அணியை இறுதித் தொடர்வரை கொண்டுவந்தார். இரண்டு முறையும் எதிரே எட்மன்ரன். 1988இன் நான்காவது ஆட்டம் பொஸ்ரனின் பழைய அரங்கத்தில் மூன்றுக்கு மூன்று என்று சமநிலையில் நின்றபோது என்ன நடந்தது? மின்சாரம் போய்விட்டது! இது நான் சேர்த்த நகைச்சுவை இல்லை. அரங்கமே இருண்டு, ஆட்டம் கைவிடப்பட்டு, எல்லோரும் எட்மன்ரனுக்கு விமானம் ஏறிப் போய், அங்கே போர்க்கின் அணி தோற்றது. "வீட்டு அடுப்பில் அவியவில்லை" என்கிறீர்களே, வீட்டில் விளக்கே அணைந்துபோனால் அந்த மனிதர் எதைத்தான் அவிப்பார்?

இப்போது, போர்க்கைத் தன்னலக்காரர் என்று பொருள்பட நண்பர் பேசியதற்கு விடையாக, 1987 டிசம்பர் 3ஆம் திகதி இரவுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். போர்க் எட்டு ஆண்டாக ஏழாம் இலக்கச் சட்டை அணிந்து ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் அது முன்பு பில் எஸ்போசிற்றோவின் இலக்கம். அந்த எஸ்போசிற்றோ யார்? பொஸ்ரனுக்கு 1970, 1972 ஆகிய இரண்டு கிண்ணங்களை வென்று கொடுத்தவர். பிறகு அதே பொஸ்ரனால் 1975இல் நியூ யோர்க்குக்குப் பரிமாற்றம் செய்யப்பட்டவர். கிண்ணமும் தந்தார், வீட்டைவிட்டும் அனுப்பப்பட்டார். இதை எதிரணி எந்தப் பெட்டியில் போடும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இரவு எஸ்போசிற்றோவைக் கெளரவிக்க விழா எடுத்தார்கள். போர்க் பனித்தளத்தில் சறுக்கிக்கொண்டு அவரிடம் வந்தார். எல்லோர் கண்ணும் பார்த்திருக்க, ஏழாம் இலக்கச் சட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். உள்ளே இன்னொரு சட்டை இருந்தது. அதில் எழுபத்தேழு. எஸ்போசிற்றோ திகைத்து நின்றார். தன் உச்சக் காலத்தில், தன் பெயரோடு ஒட்டிப்போன இலக்கத்தை, அணியால் அனுப்பப்பட்ட ஒருவருக்காகக் கழற்றிக் கொடுக்க முடிந்த மனிதரைப் பார்த்துத்தான் ஏப்பம் விட்டவர் என்கிறீர்கள்.

நடுவர் மணியைத் தொடுகிறார். தொடட்டும், அடிக்கவில்லை. பருப்பு இன்னும் இறக்கி முடியவில்லை.

2000 மார்ச்சில், முதுமை நெருங்கிய நிலையில், கிண்ணம் வெல்லும் வாய்ப்புள்ள அணிக்குத் தன்னை அனுப்பும்படி போர்க் அவராகவே கேட்டுக்கொண்டு கொலராடோவுக்குப் போனார். 2001 ஜூன் 9ஆம் திகதி, ஏழாவது ஆட்டத்தில் நியூ ஜேர்சியை மூன்றுக்கு ஒன்று என்று கொலராடோ வென்றது. அப்போது போர்க்குக்கு வயது நாற்பது. கிண்ணத்தை அணித்தலைவர் வாங்கி, தலைக்கு மேல் தூக்கி, ஒரு சுற்று வந்த பிறகே மற்றவர் கைக்குப் போகும் என்பது மரபு. அணித்தலைவர் ஜோ சக்கிக் அதை வாங்கினார், தூக்கவே இல்லை. திரும்பிப் போர்க்கின் கையில் கொடுத்தார். வெற்றியின் முதல் உரிமையை விட்டுக்கொடுக்கத் தோன்றும் அளவுக்குச் சக்கிக் அவரிடம் எதைக் கண்டார்? கிண்ணத்தைக் கண்டிருக்க முடியாது. அதுவரை அவரிடம் கிண்ணம் இல்லையே.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. சில நாட்களில் போர்க் அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பொஸ்ரனுக்குப் போனார். நகர மண்டபத்துச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு நின்றார்கள். எதற்காக? வேறோர் ஊர் வென்ற கிண்ணத்தைக் கொண்டாடுவதற்காக! பொஸ்ரன் மக்களைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர்கள் அடுத்தவர் வெற்றிக்குக் கைதட்டும் குலமா? பக்கத்து வீட்டில் அவித்த பருப்பை அவர் சட்டியோடு தூக்கித் தன் வீட்டு முற்றத்துக்கே கொண்டுவந்தார், நண்பரே. வீட்டார் வாசலுக்கு வந்து, கண்ணீரோடு வாங்கி உண்டார்கள். எழுபத்தேழாம் இலக்கத்தை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று பொஸ்ரனும் கூரையில் ஏற்றியது, கொலராடோவும் கூரையில் ஏற்றியது. ஏப்பம் விட்டவனுக்கு இரண்டு வீட்டிலும் படம் மாட்டுவார்களா?

சரி, பருப்பை இறக்கிவிட்டேன். இனி அணி மாற்றம். நேரம் குறைவு என்பதால் சம்பளக் கணக்கை ஒரே மூச்சில் சொல்கிறேன். 2005இலிருந்து இந்த லீக்கில் ஓர் அணி மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. வென்ற அணியில் எல்லோருக்கும் விலை ஏறிவிடும். எல்லோரையும் வைத்திருக்க முடியாது. ஹொஸ்ஸா கிண்ணம் தூக்கிய அந்தச் சிக்காகோ அணி, அடுத்த பருவம் தொடங்கும் முன்னரே பஃப்லின் உட்படப் பல வெற்றி வீரர்களை வெளியே அனுப்பியது. அவர்கள் ஆட்டத்தில் பிழைவிட்டு அணி மாறவில்லை, வென்றதால் மாறினார்கள். கூட்டல் கழித்தலை ஒழுக்கக் குறைபாடு என்று எதிரணி பெயர் மாற்றுகிறது.

வீரர் மாறினால் குற்றம் என்கிறீர்களே, அணிகள் மாறுவதில்லையா? வாழ்நாள் முழுவதும் ஒரே அணியில் நின்றவர் சக்கிக் என்று எதிரணித் தலைவர் புகழ்ந்தார். அவர் ஆடத் தொடங்கிய அணியின் ஊர் கியூபெக். 1995இல் அணியே மூட்டை கட்டிக்கொண்டு கொலராடோவுக்குப் போய்விட்டது. சக்கிக் அசையவில்லை, அவருக்குக் கீழே இருந்த ஊர் அசைந்தது. லீஃப்ஸின் முன்னாள் அணித்தலைவர், நம் சண்டீனையும் நிலைத்து நின்றவர் என்று எடுத்துக் காட்டினார்கள். அவரே 1994இல், இந்த நகரம் உயிராய் நேசித்த வென்டல் கிளார்க்கைக் கொடுத்துவிட்டு, கியூபெக்கிடமிருந்து வாங்கப்பட்டவர். அன்று இந்த ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பதின்மூன்று பருவம் ஆடினார். கிண்ணம் வேண்டுமென்று இடையில் இன்னோர் அணிக்குப் போவதை 2008இல் மறுத்தார். அதற்கும் இங்கே சிலர் திட்டினார்கள். பிறகு வான்கூவர் சட்டையில் இங்கே வந்து, எழுந்து நின்று கைதட்டிய அதே கூட்டத்தின் முன் வெற்றி கோலையும் அடித்துவிட்டுப் போனார். போனால் துரோகி, நின்றால் ஏமாளி. இந்த இரண்டு முழக்கோலையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு எதிரணி எதைத்தான் அளக்கப் போகிறது?

நடுவர் அவர்களே, கடைசியாக ஒரு பெயர். மைக் சில்லிஞ்சர். இந்தப் பெயரைக் கேட்டதும் எதிரணியில் ஒருவர் சிரித்தார், நான் பார்த்தேன். பதினேழு பருவம், 1049 ஆட்டம், பன்னிரண்டு அணி. இத்தனை அணிக்கு ஆடியவர் லீக்கின் வரலாற்றில் வேறெவரும் இல்லை. கிண்ணம் இல்லை. "பன்னிரண்டு அணி கைவிட்ட ஆள்" என்று தலைவர் சொன்னார். தலைவரே, அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு அணி அவரைக் கேட்டு வாங்கியது. வேண்டாத பொருளைப் பன்னிரண்டு கடை வாங்காது. அந்தப் பன்னிரண்டில் ஒன்று கொலம்பஸ். அங்கே ஆடிக்கொண்டிருந்த காலத்தில், 2003இல், அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அடுத்த பருவத்துக்குள் குடும்பம் அந்த ஊரை விட்டுப் போய்விட்டது. 2021இல் அந்த மகனை லீக்கின் இளம் வீரர் தேர்வில் பெயர் சொல்லி எடுத்த அணி எது? கொலம்பஸ். தகப்பன் தங்கிப் போன ஊரில் மகன் ஊர்ப்பிள்ளையாக ஆடுகிறான்.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏன் என்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

என் மூத்த அண்ணா என்னை இந்த நாட்டுக்கு எடுத்த சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அண்ணாவின் விண்ணப்பத்தில் இருந்த வேலைகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பாண் சுடும் இடம், பிளாஸ்ரிக் தொழிற்சாலை, அச்சகம், வாகனத் தரிப்பிடம், உணவகத்துச் சமையலறை என்று மொத்தம் ஒன்பது. "ஏன் இவ்வளவு மாற்றம்? ஓர் இடத்தில் நிலைத்து நிற்க மாட்டீரா?" என்று கேட்டார். ஒன்பதில் மூன்று இடம் இழுத்து மூடப்பட்டவை. ஒன்று வேறு நகரத்துக்குப் போய்விட்டது. இரண்டில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நிறுத்தினார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். மொழிபெயர்க்க வந்தவன் நான். ஆனால் என் வாய் எழவில்லை. அண்ணா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சொறி" என்றார். நிலைத்து நிற்காததற்கு அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டார். வேலை கிடைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, "உனக்குப் பசிக்கும்" என்று சொல்லி இரண்டு டோனட் வாங்கி, இரண்டையும் எனக்கே தந்தார்.

அந்த ஒன்பது இடத்தின் சம்பளத்தில்தான் எங்கள் அம்மா விமானம் ஏறினார். அக்காவின் கல்யாணம் நடந்தது. நான் படித்தேன்; படித்ததால்தான் இன்று இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று நீளமான வசனம் பேசுகிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் அண்ணாவின் பெயர் பொறித்த கேடயம் ஒன்றுகூட இல்லை. அன்று அந்த மேசை முன்னால் நான் சொல்லாமல் விட்ட மறுமொழியைத்தான் இவ்வளவு நேரமும் ஹொக்கி என்ற பெயரில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் மணியும் அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. அண்ணா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். நான் இதைப் பேசப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டார். நாளை காலை ஆறரைக்குப் பேத்தியின் ஆட்டம். ஐந்து மணிக்கே எழும்ப வேண்டும், சுருக்கமாகப் பேசு என்று வரும் வழியில் சொன்னார்.

அண்ணா, முடித்துவிட்டேன். வாங்கோ, போவோம்.

நன்றி, வணக்கம்.